கேட்டால்தான் துடக்கு

சினிமாப் பாட்டுகளைப் பற்றி எனக்குத் திடமான அபிப்பிராயங்கள் உண்டு. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான் என்பதால், அபிப்பிராயம் வைத்திருக்கும் பொறுப்பும் என் தலையில்தான் விழுந்தது. மற்றவர்களுக்கு வயலும் வலையும் இருந்தன.

காதலர்கள் ஏன் பாட்டுத் தொடங்கியவுடன் ஓடுகிறார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. எங்கள் வயல் வட்டையில் வரம்பு வழியே அப்படி ஓடினால், பல்லவி முடியுமுன்பே முழங்கால்வரை சேற்றில் நிற்பார்கள். மற்ற அபிப்பிராயம் கொஞ்சம் சொந்த விசயம். படத்தில் படித்த பெண் வந்தால் அவளுக்கு மூக்குக் கண்ணாடி, ஒரு சைக்கிள், ஊருக்கே போதுமான திமிர். கதாநாயகன் ஒரு பாட்டுப் பாடி அவளைத் திருத்திவிடுவான். கடைசிக் காட்சியில் அவள் கண்ணாடி இல்லாமல் கோலம் போடுவாள். கண்ணாடி இல்லாதவளுக்குப் புள்ளி எப்படித் தெரிகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை.

அப்படித் திருத்துகிற பாட்டொன்று அக்காவுக்குக் கலியாணம் நடந்த வருசம் ஊரைப் பிடித்து ஆட்டியது. படித்தவளே, உன் படிப்பு வந்து அடுப்பு ஊதுமா என்ற மாதிரி அதன் பொருள் போகும். நான் பட்டணத்தில், புளியந்தீவில், விடுதியில் நின்று படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு எங்கள் ஊரான செட்டிபாளையத்தில் பஸ்ஸால் இறங்கினால் சைக்கிள் கடை வாசலில் யாராவது அதைச் சீட்டியடிப்பார்கள். நான் தலையை இன்னும் நிமிர்த்திக்கொண்டு நடப்பேன். கழுத்து வலிதான் மிச்சம்.

ஆகவே அக்காவின் கலியாணத்துக்கு ஸ்பீக்கர் பிடித்தபோது ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். அந்தப் பாட்டுப் போடக்கூடாது. ஸ்பீக்கர்காரர் குழாயைத் தென்னையில் கட்டிக்கொண்டே, "ஓம் தங்கச்சி" என்றார்.

அக்காவின் கலியாணம் ஏற்கெனவே ஒருமுறை பந்தல்வரை வந்து, ஒரு சாவினால் தள்ளிப்போனது. ஒரே தாய்வழிக் குடியில் யாரும் செத்தால் எல்லோருக்கும் துடக்கு, அதாவது தீட்டு. துடக்கு வீட்டில் தாலி ஏறாது. இந்தமுறையும் தள்ளிப்போனால் ஆடி வந்துவிடும், ஆடி முடியுமட்டும் மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்க மாட்டார்கள் என்று தரகர் முகத்துக்கு நேரேயே சொல்லியிருந்தார். அக்காவுக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர் வீட்டுக்கு வந்துபோன நாளிலிருந்து, ஆட்டுக்குக் குழை போடுவதற்குக்கூட முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டுதான் போனாள்.

கலியாணத்தன்று காலை, ஐயர் ஓமம் வளர்த்துக்கொண்டிருக்கும்போது, படுவான்கரையிலிருந்து ஒரு தோணி வாவியைக் கடந்து வந்தது. அதில் நின்றவரை எங்களுக்குத் தெரியும். எங்கள் குடிக்கு இழவு சொல்கிறவர். நல்ல மனிதர், ஆனால் அவர் நல்ல சேதியோடு வந்ததை யாரும் கண்டதில்லை. அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் அக்கரையில் நெடுநாளாகப் படுக்கையில் கிடந்தார். பந்தலில் இருந்த எல்லோருக்கும் விளங்கிவிட்டது. குரவையிடக் கூடியிருந்த பெண்கள் திறந்த வாயோடு நின்றார்கள்.

பள்ளிக்கூடத்து வாசலை மிதியாத அம்மா அந்த இடத்திலேயே ஒரு சட்டம் இயற்றினாள்.

"கண்டாத் துடக்கில்ல. காதால கேட்டாத்தான் துடக்கு." பிறகு என்னைப் பார்த்தாள். "ஓடு புள்ள. பாட்டைக் கூட்டிப் போடச் சொல்லு."

ஓடினேன். பாட்டுக்காக ஓடுகிறவர்களைப் பற்றி மேலே எழுதியதை வாசகர்கள் மறந்துவிட வேண்டும்.

"கூட்டலாம் தங்கச்சி," என்றார் ஸ்பீக்கர்காரர். "ஆனா மத்த ரெக்கோட்டெல்லாம் தேஞ்சு போச்சு, முனகும். ஊரைத் தூக்கிற மாதிரி ஒண்டுதான் இருக்கு. அதத்தான் நீங்க வேணாமெண்டு…"

"போடுங்க!"

தென்னை மரமே அதிர்ந்தது. இழவு சொல்கிறவர் கரையேறி நேரே அம்மாவிடம் வந்தார்.

"தங்கச்சி, அங்கால அண்ணர்—"

"ஆ? கேக்கல்ல அண்ணன்!"

"அண்ணர் வந்து—"

"எப்பிடி வருவார்? படுக்கையில கிடக்கிற வருத்தக்காரன் தானே! நீங்க இரிங்க, சோடா குடிங்க!"

பாட்டு முடிந்தது. ஊசி கரகரவென்று உரசியது. அவர் வாயைத் திறந்தார். பெண்கள் எல்லோரும் ஒரே மூச்சில் குரவையிட்டார்கள். ஒரு மாமி இருமல் வந்து மடங்கும்வரை இட்டாள்.

"மறுகா போடுங்க!" என்று கத்தினேன்.

மறுபடியும் அதே பாட்டு. ஐயரும் நிலைமையை அறிந்து மந்திரத்தை விரட்டினார். ஓரிடத்தில் பாட்டை முந்தினார். அப்போதுதான் பாட்டுப் பெட்டிக்குச் சுற்றிக் கொடுத்த சாவி தளர்ந்தது. பாடகரின் குரல் இறங்கி, சேற்றில் புதைந்த எருமையின் குரலானது. குனிந்திருந்த அக்கா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். மணப்பெண் பார்க்கிற பார்வை இல்லை அது. தாழுகிற தோணியிலிருந்து பார்க்கிற பார்வை. ஸ்பீக்கர்காரர் தென்னையடியில் குழாயின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானே கைபிடியைப் பிடித்துச் சுற்றத் தொடங்கினேன். உன் படிப்பு அடுப்பு ஊதுமா என்று பாடகர் என் முகத்துக்கு நேரே கேட்டார். பதில் சொல்ல நேரமில்லை. கை வேலையாக இருந்தது.

இழவு சொல்கிறவர் என்னிடம் வந்தார். படித்த பிள்ளைக்காவது விளங்கும் என்று நினைத்திருப்பார். குனிந்து ஏதோ சொன்னார். நான் சிரித்துக்கொண்டு காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தேன். அவர் என்னைப் பார்த்தார், மணவறையைப் பார்த்தார், கிடாரத்தில் கொதிக்கும் பருப்பைப் பார்த்தார்.

"பசிக்குது!" என்றார்.

அது மட்டும் அம்மாவுக்கு உடனே கேட்டது.

தாலி ஏறியது. அவர் பாயாசம்வரை ஆறுதலாகச் சாப்பிட்டு, கை கழுவி, தோள் துண்டால் வாயைத் துடைத்து, பாட்டு நிற்கும்வரை காத்திருந்து, தன் கடமையைச் செய்தார். அம்மா அந்தக் கணமே நிலத்தில் விழுந்து அழுதாள். பொய் அழுகை இல்லை. காலையிலிருந்து அடக்கி வைத்தது. குரவையிட்ட அதே தொண்டைகள் கூடவே அழுதன.

எல்லோருக்கும் நல்லபடி முடிந்தது, எனக்குத் தவிர. "அந்தத் தங்கச்சி தன்ட கையாலேயே சாவி குடுத்து மறுகா மறுகா கேட்டவ" என்று ஸ்பீக்கர்காரர் போன ஊரெல்லாம் சொல்லிவிட்டார். இப்போது நான் எந்தச் சடங்கு வீட்டுக்குள் நுழைந்தாலும் அந்தப் பாட்டைப் போட்டு, குழாய்க்குப் பக்கத்தில் இருக்கக் கதிரை கொண்டுவந்து தருகிறார்கள். சைக்கிள் கடையில் மரியாதையாகச் சீட்டியடிக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது என்று சொல்லவும் வழியில்லை. அப்படியானால் அன்றைக்கு ஏன் கேட்டாய் என்பார்கள். அதற்குப் பதில் சொன்னால் அக்காவின் தாலி துடக்கில் ஏறியதாகிவிடும்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருப்பார். அத்தான் தங்கமான மனிதர். நான் விடுமுறைக்கு வந்து நிற்கும் நாளெல்லாம், காலையில் என்னைச் சந்தோசப்படுத்துவதற்காக அதைப் பாடிக்கொண்டே மாட்டை அவிழ்ப்பார்.

"எப்பிடி மச்சாள், ராகம் சரியா?"

அக்கா அடுப்படியிலிருந்து என்னைப் பார்ப்பாள்.

"நல்லாயிருக்கு அத்தான்," என்பேன்.

இதையெல்லாம் எழுத எனக்குப் பயமில்லை. எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவள் இன்னமும் நான் ஒருத்திதான். ஊரில் படிக்கத் தெரிந்த மற்றவர்கள் சினிமாப் பத்திரிகை மட்டும்தான் படிக்கிறார்கள்.