மோதிரத்தின் பின்பக்கம்

கால்வே ஊரில் ஆற்றுப் பாலத்தை ஒட்டி இருக்கும் லைடன் மோதிரக் கடையில் நோரீன் மேலியா முப்பத்தைந்து வருஷமாக நிற்கிறாள். வெளியே மழை பெய்தால் கடையில் கூட்டம்; கால்வேயில் மழை பெய்யாத நாள் எது? அப்படி ஒதுங்க வருகிறவர்களுக்கெல்லாம் அவள் ஒரே பாடத்தை ஒப்பிப்பாள். "இந்த ரெண்டு கை நட்பு. கைக்கு நடுவுல இருக்கிற இதயம் அன்பு. மேல இருக்கிற கிரீடம் விசுவாசம். கல்யாணம் ஆயிட்டா இதயத்தோட முனை உங்களைப் பார்த்து இருக்கணும்." கிரீடத்துக்கு வரும்போது மட்டும் வாய் ஒரு பக்கம் லேசாகக் கோணும். வாங்க வந்தவர்கள் அதைச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள்.

அவளுக்கும் அப்படி ஒரு மோதிரம் இருந்தது. அவளைக் கட்டிக்கொள்வதாக இருந்த கோல்மன் கனீலி நிச்சயத்துக்குப் போட்டது, அவனுடைய பாட்டியின் மோதிரம். நோரீனின் விரல் அப்பவே தடிமன். பெரிதாக்க வெட்டியபோது கடைக்காரக் கிழவர் லைடனிடம் அந்த மாற்றில் தங்கம் இல்லை. நோரீன் தன் அம்மாவின் உடைந்த காதுத்தோட்டைக் கொடுத்தாள். அதிலிருந்து அரை அரிசி அளவு நறுக்கி மோதிரத்தின் பின்பக்கம் பற்றவைத்தார். கொஞ்சம் செம்பு தூக்கலான துண்டு. தெரிந்தவர் பார்த்தால்தான் தெரியும்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது கோல்மன் கடைக்கு வந்தான். ஒரு சனிக்கிழமை, கடை நிறைய ஆள். "பெட்ரீஷியாவுக்கு வேணும், நோரீன். குடும்பச் சொத்து பாரு," என்றான். மோதிரம் கழலவில்லை. கிழவர் பாத்திரம் கழுவும் சோப்பைக் கொண்டுவந்து ஊற்ற, எல்லாரும் பார்க்க, விரல் சிவக்கச் சிவக்க அவன் இழுத்தான். சோப்போடு வாங்கிக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு போனான். அம்மாவின் தங்கமும் அதோடு போனது. நோரீன் அன்று அழவில்லை. அடுத்த ஆளுக்கு நட்பு, அன்பு, விசுவாசம் சொல்லி ஒரு மோதிரம் விற்றாள்.

அவள் இதை மறந்து தொலைத்திருக்கலாமே என்று தங்கை சொல்வாள். நோரீன் மறக்கவில்லை, அவ்வளவுதான். மறக்காமலே நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். பின்பட்டறையில் தங்கம் வெட்டவும் ஊதிப் பற்றவைக்கவும் கற்றுக்கொண்டாள். பெட்ரீஷியா அவனை விவாகரத்து செய்து, மோதிரத்தைத் தபாலில் திருப்பி அனுப்பினாள் என்று கேள்விப்பட்ட அன்று ஒரு முழு ஆப்பிள் கேக் வாங்கித் தனியாகச் சாப்பிட்டாள்.

போன மார்ச்சில் அவன் திரும்ப வந்தான். முடி கொட்டி, தொப்பை வைத்து, பக்கத்தில் ஸ்லைகோ ஊர்க்காரி ஒருத்தியோடு.

"அட, நோரீன்! நீ இன்னும் இங்கதான் நிக்கிறியா?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் பழசு எதுவும் இல்லை. அதுதான் அவளைச் சுட்டது.

"நகர்றதுக்கு யாரும் சொல்லலையே," என்றாள் நோரீன். "சொல்லுங்கம்மா, என்ன வேணும்?"

டீர்ட்ரா என்ற அந்தப் பெண் பின்னல் போட்ட மோதிர வளையங்களைப் பார்த்தாள். "இவனுக்கு ஒண்ணு எடுக்கணும். இந்தப் பின்னலுக்கு என்ன அர்த்தம்?"

"எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு கண்டுபிடிக்க முடியாது. போனவங்க திரும்பி வருவாங்கன்னும் சொல்வாங்க. சுத்தி முழுக்கப் பின்னல் இருந்தா வெட்டிப் பெருசாக்க முடியாது. அளவு சரியா சொல்லணும்."

"என்னோடதைப் பெருசாக்கலாம்தானே? கொஞ்சம் இறுக்குது." டீர்ட்ரா கையை நீட்டினாள். "இவனோட பாட்டி மோதிரம். அவங்களைத் தவிர யாரும் போட்டதில்ல. எனக்காகவே பெட்டியில இருந்துச்சாம்."

நோரீன் கோல்மனைப் பார்த்தாள். அவன் ஜன்னல் பக்கம் மழையைப் பார்த்தான்.

"கழட்டினாத்தான் அளவு பார்க்க முடியும். இருங்க, சோப்பு கொண்டு வரேன்."

"சோப்பு எதுக்கு? நான் இழுத்துடுறேன்," என்றான் கோல்மன் அவசரமாக.

"உனக்கு இழுக்கத் தெரியும்னு எனக்குத் தெரியும். நீ சும்மா இரு."

மெதுவாக, விரல் வலிக்காமல் கழற்றினாள். துடைத்தாள். பின்பக்கத்தின் மேல் வாயால் ஊதினாள். ஆவி படிந்து விலகும்போது கோடுகள் தெரிந்தன. பூதக்கண்ணாடியை டீர்ட்ராவிடம் கொடுத்தாள்.

"முன்பக்கம் எல்லா மோதிரமும் ஒண்ணுதாம்மா. பின்பக்கம் பாருங்க. இந்தச் சிவப்புத் துண்டு ஒரு தடவை பெருசாக்கினது. பக்கத்துல ஒத்தைக் கோடு, அப்புறம் சின்னதாக்கினது. பாட்டிக்கு அப்புறம் ரெண்டு விரல்ல இருந்திருக்கு. உங்களோடது மூணாவது."

"சும்மா கதை விடுறா. தங்கம்னா தங்கம்தானே, டீர்ட்ரா," என்றான் கோல்மன்.

டீர்ட்ரா வெகுநேரம் பார்த்தாள். "சின்ன விரல் யாரு?"

"இவன் சம்சாரமா இருந்தவ. பெட்ரீஷியா."

"பெரிய விரல்?"

நோரீன் தன் கையை மேசைக் கண்ணாடிமேல் விரித்து வைத்தாள். "அந்தச் சிவப்பு எங்க அம்மாவோட தோடு."

கடையில் நின்ற இரண்டு ஜெர்மானியர்கள்கூட விலை கேட்பதை நிறுத்தினார்கள். டீர்ட்ரா கோல்மனிடம், "கல்யாணமே ஆனதில்லைன்னியே," என்றாள். சத்தமே போடவில்லை. அவன் காது சிவந்தது. பார்த்துக்கொண்டிருந்த நோரீனுக்கு அந்தச் சனிக்கிழமைக்கு அப்புறம் போன முப்பத்திரண்டு வருஷமும் நியாயமாகத் தெரிந்தது.

"எனக்குக் குடுத்துட்டான், அதனால இப்ப இது என்னோடது," என்றாள் டீர்ட்ரா. "உங்க துண்டை எடுத்துக்கங்க. மிச்சத்தை அவன்கிட்ட குடுத்துடுங்க." கார் சாவியை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினாள்.

"டீர்ட்ரா! ஏய், இரு!" கோல்மன் வாசல்வரை ஓடினான். கார் பாலத்தைத் தாண்டிவிட்டது. திரும்பி வந்தபோது நோரீன் பட்டறையில் ரம்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கீச்சுச் சத்தம் கேட்கட்டும் என்று கதவைத் திறந்தே வைத்திருந்தாள்.

சிவப்புத் துண்டை ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் போட்டாள். இரண்டு கை, இதயம், கிரீடம் எல்லாம் முன்னால் அப்படியே இருக்க, பின்னால் வாய் பிளந்த மோதிரத்தை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதை ஒட்ட முடியாதா?" என்றான் கோல்மன்.

"ஒட்டலாமே. செவ்வாய்க்கிழமை வா. அளவு குறைஞ்சிடும். அடுத்தவ விரல் மெலிசா இருக்கான்னு முதல்லயே பார்த்துக்க."