கதிரையில் இருந்து காட்டிய வழி

போன வருடம் ஆடி மாதம், கச்சான் காற்று அனலாக வீசிய நாட்களில் நடந்தது இது. திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகும் வீதியில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. இரண்டு கணினி, ஒரு போட்டோ கொப்பி இயந்திரம், நான்கு கதிரை. அரசாங்க அலுவலகங்களுக்குக் கொடுக்க வேண்டிய படிவங்களை நிரப்பிக் கொடுப்பேன், இணையத்தில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பேன். காலை எட்டரைக்குக் கதிரையில் இருந்தால் பின்னேரம் ஆறு மணிக்குத்தான் எழும்புவேன். மத்தியானச் சாப்பாடும் அதே கதிரையில்தான். ஆட்கள் வராத நேரங்களில் கணினியில் இருந்து கண்ணை எடுத்துக் கைத்தொலைபேசியில் வைப்பேன். அதைத்தான் ஓய்வு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தேழு வயதில் கால் இரண்டும் வீங்கத் தொடங்கின. கிளினிக்கில் இருந்த டாக்டர் அம்மா சீனியையும் பிரஷரையும் பார்த்துவிட்டு, "மருந்து நான் தருவன். ஆனா உங்களைக் கதிரையில இருந்து எழுப்ப எனக்கு ஏலாது" என்றார்.

எழுப்பும் வேலையை என் மகள் எடுத்துக்கொண்டாள். மட்டக்களப்பில் படிக்கிறவள், விடுமுறைக்கு வந்த நேரம் என் தொலைபேசியில் ஒரு செயலியைப் போட்டுவிட்டாள். முக்கால் மணி நேரம் அசையாமல் இருந்தால் தொலைபேசி அதிரத் தொடங்கும். திரை பூட்டிக்கொள்ளும். முந்நூறு காலடி நடந்தால்தான் திறக்கும். அதுவரைக்கும் வருகிற அழைப்பை எடுக்கலாம், வேறு ஒன்றும் செய்ய முடியாது. போதாததற்கு, நான் ஒரு நாளைக்கு எத்தனை அடி நடந்தேன் என்பது அவளுடைய தொலைபேசியிலும் தெரியும்.

முதல் இரண்டு நாள் ஏமாற்றினேன். தொலைபேசியைக் கையில் பிடித்து ஆட்டினாலும் அடிகள் ஏறும் என்று கண்டுபிடித்திருந்தேன். ஒரு கை தட்டச்சு செய்யும், மற்றக் கை ஆட்டிக்கொண்டிருக்கும். மூன்றாம் நாள், மட்டக்களப்புக்குத் திரும்பியிருந்த மகள் அழைப்பு எடுத்தாள். "அப்பா, ஒரு நிமிசத்தில முந்நூறு அடி எண்டு காட்டுது. உங்களை நாய் கலைச்சதோ?"

அதற்குப் பிறகு உண்மையாகவே எழும்பினேன். முதலில் கடைக்குள்ளேயே இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். வந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு வீதியில் இறங்கி, ஊருக்குள் திரியும் மான்கள் படுத்திருக்கும் மர நிழல் வரை போய்த் திரும்பினேன். ஆளைக் காக்க வைத்துவிட்டு எழும்பிப் போவது எனக்குப் பெரிய சங்கடமாக இருந்தது.

அப்படி இரண்டு கிழமை போயிருக்கும். ஒரு நாள் காலை பத்தரை மணியளவில் ஒரு பெண் வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. ஈச்சிலம்பற்றில் இருந்து விடியவே பஸ் ஏறி வந்ததாகச் சொன்னார். முந்தின கிழமையும் என் கடைக்கு வந்தவர்தான். முகம் எனக்கு நினைவில்லை. அவர் நீட்டிய படிவத்தில் என் அச்சு எழுத்தைப் பார்த்துத்தான் அது தெரிந்தது.

அவருடைய மூத்த மகளுக்குத் தாதியர் பயிற்சிக்கு நேர்முகத் தேர்வு வந்திருந்தது. பிறப்புச் சான்றிதழில் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. அதைத் திருத்த முன்பே கொடுத்து, திருத்தமும் முடிந்துவிட்டது. திருத்திய பிரதியைக் கையில் எடுப்பதுதான் மிச்சம். நேர்முகம் நாளை மறுநாள், கொழும்பில்.

"தம்பி, போன முறை நான்தான் இடத்தைப் பிழையா விளங்கிப்போட்டன் போல" என்றார். "கீழ ஆரையும் கேக்காமல் மேல ஏறி, மத்தியானம் வரைக்கும் வரிசையில நிண்டனான். பிறகு பாத்தா, இஞ்ச இல்லை எண்டிட்டினம். எங்க எண்டு கேட்டுத் திரியவே நேரம் போயிட்டுது. இன்னொருக்கால் வடிவாச் சொல்லுங்கோ."

நான் கணினியை விட்டுக் கண் எடுக்கவில்லை. கையை மட்டும் வாசல் பக்கம் நீட்டினேன். "வலக்கைப் பக்கம் போங்கோ. பழைய கட்டடம், மேல் மாடி, மூண்டாவது கவுண்டர்." ஆயிரம் தரம் சொன்னது, வாய் தானாகவே சொன்னது. எத்தனை தரம் சொன்னாலும் இந்தச் சனத்துக்கு விளங்காது என்று மனதுக்குள் ஒரு சலிப்பும் வந்தது. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அவர் வெளியே இறங்கும்போது சட்டைப் பையில் இருந்த தொலைபேசி அதிரத் தொடங்கியது. முந்நூறு அடி. எப்படியும் நடக்கத்தான் வேண்டும், ஒரு உபகாரமாகவும் போகட்டும் என்று நினைத்தேன். பக்கத்துத் தையல் கடைக்காரரிடம் கடையைப் பார்க்கச் சொல்லிவிட்டு, "நில்லுங்கோ அக்கா, நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன்" என்றேன்.

அவர் என்னைவிட வேகமாக நடந்தார். எனக்கு மூச்சு வாங்கியது. போன முறை நின்றதும் அதே கட்டடத்தில்தான், கவுண்டர்தான் பிழைத்திருக்கும் என்றும், கணவர் கடலுக்குப் போகிறவர் என்றும், மூன்றும் பெண் பிள்ளைகள் என்றும், மூத்தவளுக்கு இது கிடைத்தால் மற்ற இரண்டு பேரும் தப்பிவிடுவார்கள் என்றும் சொல்லிக்கொண்டே வந்தார்.

பழைய கட்டடத்தின் படி அடியில் ஒரு காவலாளி இருந்தார். படிவத்தைப் பார்த்ததும் கையை விரித்தார்.

"இது இஞ்ச இல்லை. அந்தப் பகுதி புதுக் கட்டடத்துக்குப் போய் நாலு மாசமாகுது. பஸ் ஸ்ராண்டுக்கு அங்கால."

"நாலு மாசமோ?" என்றேன்.

"ஓம். எனக்கு நாள் முழுக்க இதைச் சொல்லுறதுதான் வேலை, ஐயா. கேட்டா, கொம்பியூட்டர் கடையில சொன்னது எண்டு சொல்லினம். ஆரோ ஒருத்தன் கதிரையில இருந்துகொண்டு சனத்தை இஞ்ச அனுப்பிக்கொண்டிருக்கிறான். ஒருக்கா எழும்பி வந்து பாத்தால் என்ன?"

அந்த ஆள் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. பக்கத்தில் நின்ற அக்காவைப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் மானம் அந்தப் படியிலேயே போயிருக்கும்.

அவர் காவலாளியைப் பார்த்து, "இவர் எனக்கு இடம் காட்ட எண்டு கடையை விட்டிட்டு வந்தவர். புதுக் கட்டடத்துக்கு எந்தப் பக்கத்தால போறது?" என்று மட்டும் கேட்டார். காவலாளி வழியைச் சொல்லி, பன்னிரண்டு மணிக்குப் பிறகு அங்கே படிவம் எடுக்க மாட்டார்கள் என்றும் சொன்னார்.

வீதிக்கு வந்ததும் நான் சொன்னேன். "அக்கா, பிழை என்ரதான். போன கிழமையும் நான்தான் உங்களை அலைய விட்டனான்."

"இப்ப அதைக் கதைச்சு என்ன வரப்போகுது? பன்னிரண்டு மணியோட எடுக்க மாட்டினம் எண்டாரே, கேக்கேல்லையோ? நடவுங்கோ."

ஓட்டோ ஒன்றும் நிற்கவில்லை. அந்த வெயிலில் பாதி ஓட்டமும் பாதி நடையுமாகப் போனோம். முந்நூறு அடி எப்போதோ முடிந்திருக்கும். தொலைபேசியை நான் எடுத்துப் பார்க்கவே இல்லை.

புதுக் கட்டடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். எங்கள் முறை வரும்போது பன்னிரண்டுக்குச் சில நிமிடங்களே இருந்தன. கவுண்டரில் இருந்த பெண் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். "எல்லாம் சரி. நாளைக்குப் பின்னேரம் வந்து எடுங்கோ" என்றார்.

அக்கா கவுண்டர்ப் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நாளைப் பின்னேரம் எடுத்து, ஈச்சிலம்பற்றுக்குப் போய், மகளையும் கூட்டிக்கொண்டு எந்தப் பஸ்ஸில் கொழும்புக்குப் போவது?

நான் முன்னால் போனேன். "மிஸ், இவ போன கிழமையே வந்தவ. அண்டைக்கே எடுத்திருப்பா. நான்தான் பிழையான இடத்துக்கு அனுப்பினனான். நான் போம் நிரப்பிற கடை வச்சிருக்கிறன். இந்தப் பகுதி மாறினது எனக்குத் தெரியாது. என்ர பிழைக்கு இவவின்ர மகள் நேர்முகத்தை விடக்கூடாது" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வரிசையில் நின்றவர்கள் எல்லாம் என் பக்கம் திரும்பினார்கள்.

பின்னால் நின்ற மூதூர்க்காரர் ஒருவர், "அப்ப முந்தாநாள் நான் அலைஞ்சதும் உங்கட புண்ணியந்தானா?" என்று கேட்டார். நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

கவுண்டர்ப் பெண் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு படிவத்தின் மூலையில் ஏதோ எழுதி, "மூண்டு மணிக்கு வாங்கோ" என்றார்.

மூன்று மணிக்கு நானும் போனேன். போக வேண்டிய தேவை இல்லை, ஆனால் கடையில் இருக்க மனம் வரவில்லை. பிரதியை வாங்கியதும் அக்கா மகளின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக விரலால் தொட்டுப் பார்த்தார். சரியாக இருந்தது. பஸ் ஏறும்போது, "தம்பி, உங்கட கால் வீங்கியிருக்குது, கவனிங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான், ஒரு குறையும் சொல்லவில்லை.

அன்று மாலை மகள் அழைப்பு எடுத்தாள். "அப்பா, ஒன்பதாயிரம் அடி காட்டுது. போனை ஆரிட்டயும் குடுத்து விட்டனீங்களோ?" நடந்ததை எல்லாம் சொன்னேன். "நாலு மாசமா எத்தினை பேர் அப்பிடித் திரும்பிப் போயிருப்பினம்?" என்று கேட்டாள்.

அடுத்த கிழமை, தொலைபேசி அதிரும் ஒவ்வொரு முறையும், நான் படிவம் நிரப்பும் அலுவலகங்களில் ஒன்றுக்கு நடந்தேன். இன்னும் இரண்டு இடங்களைப் பிழையாகச் சொல்லிக்கொண்டிருந்தது தெரிந்தது. ஒன்றில் கவுண்டர் மாறியிருந்தது, மற்றதில் கிழமையில் எந்த நாள் படிவம் எடுப்பார்கள் என்பது மாறியிருந்தது. சரியானதைப் பெரிய எழுத்தில் அடித்துக் கடை வாசலில் ஒட்டினேன். மாதம் ஒரு முறை போய்ப் பார்த்துத் திருத்துகிறேன்.

கால் வீக்கம் குறைந்திருக்கிறது. சீனி இன்னும் முழுதாக அடங்கவில்லை. அந்த அக்கா இரண்டு மாதம் கழித்துக் கடை இலக்கத்துக்கு அழைப்பு எடுத்தார். மகளுக்குப் பயிற்சி கிடைத்துவிட்டது, அடுத்த கிழமை சேருகிறாள் என்றார். சந்தோசமாக இருந்தது. ஆனால் அழைப்பு எடுக்காதவர்களைப் பற்றித்தான் அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

யாராவது வந்து எங்கே போக வேண்டும் என்று கேட்டால், அந்த இடத்துக்கு நான் கடைசியாக எப்போது போனேன் என்று முதலில் என்னைக் கேட்டுக்கொள்கிறேன். அது நினைவுக்கு வராவிட்டால், தொலைபேசி அதிரும் வரை காத்திருக்காமல் எழும்பி அவரோடு நடக்கிறேன்.