பவுடர் பூசாமல் படம் கிடையாது

இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்கு வெள்ளையடிக்க, சிங்கப்பூரிலிருந்து மாணவர்கள் சிலர் போயிருந்தோம். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. அதைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் ஆயாம்மா என்றார்கள். ஒல்லியான உடம்பு, சேலைக்கு மேல் ஆண்பிள்ளை சுவெட்டர். அதன் பையில் எப்போதும் ஒரு பவுடர் டப்பா இருக்கும். எந்தக் குழந்தையின் முகத்தைக் கழுவினாலும் உடனே பூசிவிடுவார்.

பாதிச் சுவர் முடிந்தபோது எங்கள் குழுத் தலைவி படம் எடுக்க வந்தாள். "மூக்கு ஒழுக, வெறுங்காலோடு இப்படியே நிற்கட்டும். அப்போதுதான் நன்கொடை வரும்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நான் அதை ஆயாம்மாவிடம் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னேன்.

ஆயாம்மா வாசலை மறித்து நின்றார்.

"ஏன் தம்பி, ஒங்க அம்மா ஒங்கள இப்படி நிக்க வச்சா போட்டோ புடிச்சாங்க?"

"இல்லங்க."

"அப்ப எங்க புள்ளைங்கன்னா மட்டும் எளப்பமா? மிச்சச் சுவரு அப்படியே கெடந்தாலும் பரவால்ல. மொகம் கழுவி, பவுடர் போட்டு, பொட்டு வச்சாத்தான் புள்ளைங்க வெளிய வரும்."

கதவைச் சாத்திவிட்டார். தூறலில் நின்றோம். பிறகு தலை வாரி, கன்னத்தில் கறுப்புப் பொட்டோடு குழந்தைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். அவர்களோடு நாங்களும் நின்று படம் எடுத்துக்கொண்டோம்.

அந்தப் படத்தை எங்களை அனுப்பிய அமைப்பு எங்கும் போடவில்லை. என் மேசைமேல் இருக்கிறது. அதில் தலை கலைந்து, முகமெல்லாம் சுண்ணாம்பாக, பாவம் போல நிற்பவர்கள் நாங்கள்தான்.