பட்டப்பகல் மோகினி

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது கொழும்பில் பேய்களுக்குத் தட்டுப்பாடே இருக்கவில்லை. மண்ணெண்ணெய்க்கு நாங்கள் வரிசையில் நின்றோம். பேய்கள் வீடு தேடி வந்தன. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் மேல்மாடி வீடு எங்களுடையது. துணி துவைக்க வந்த மலையகத்து அக்கா காட்டேரியைக் கொண்டுவந்தார். அது இரத்தம் குடிக்கும், பழைய செருப்பைக் கண்டால் ஓடிவிடும். கொம்பனித்தெருவிலிருந்து பள்ளிக்கு வந்த மலாய்ச் சிநேகிதி பொந்தியானாக்கைத் தந்தாள். பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணாம். பின்கழுத்தில் ஓர் ஆணியை அடித்துவிட்டால் சாதுவாகிச் சமையல்கூடச் செய்வாளாம். சின்ன மாமா வாடகைக்கு எடுத்த வீடியோப் படத்தில் கோரைப்பல் வெள்ளைக்காரன் ஒருவன் வந்தான். அவனுக்கு உள்ளிப்பூண்டு ஆகாது.

எல்லாரிலும் பொல்லாதவள் பக்கத்து வீட்டுச் சிங்கள அக்காவின் மோகினிதான். வெள்ளை உடுத்து, தலைமயிரை விரித்துவிட்டு, கையில் குழந்தையோடு வழியில் நிற்பாள். "மே ளமயாவ டிக்கக் அல்லகன்ன" என்று கெஞ்சுவாள், இந்தப் பிள்ளையைக் கொஞ்சம் பிடியுங்கள் என்று. பிடித்தவன் பிழைக்கமாட்டான்.

இவ்வளவையும் நான் ஒரு கொப்பியில் படத்தோடு எழுதி வைத்திருந்தேன். கொப்பி இருந்த பையில் நாலு உள்ளிப்பல்லும், துருப்பிடித்த ஆணி ஒன்றும், அம்மா இரண்டு கிழமையாகத் தேடிக்கொண்டிருந்த ஒற்றைச் செருப்பும் இருந்தன. எங்கே போனாலும் பை என் தோளில்தான்.

சின்ன மாமா அம்மாவின் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்ட் நாள் சொல்லும்வரை எங்களோடு இருந்தார். அவர் வாசலைத் தாண்டினால் அம்மா என்னையும் சேர்த்துத் தள்ளிவிடுவார். "தனியப் போகாதை. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ." பிள்ளையோடு போகும் தமிழ் இளைஞனைப் பொலிஸ் அவ்வளவாக மறிக்காது என்பது எனக்குத் தெரியாது. மாமாவுக்கு என்மேல் அவ்வளவு பாசம் என்று நான் பெருமைப்பட்டேன். பதிலுக்கு அவரைப் பேய்களிடமிருந்து காப்பதை என் பொறுப்பாக எடுத்துக்கொண்டேன்.

அன்று கொட்டாஞ்சேனையில் ஏஜென்டைப் பார்க்க, கோட்டைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினோம். எங்களுக்கு இருக்க இடம் கிடைத்தது. "உன்ர பைக்குள்ள என்ன மணக்குது?" என்று மாமா கேட்டார். நான் பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

பம்பலப்பிட்டியில் பஸ் நிறைந்தது. மாமாவுக்குப் பக்கத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். வெள்ளைச் சேலை. தோய்ந்து ஈரம் காயாத தலைமயிர் முதுகில் விரிந்து கிடந்தது. கையில் துணியால் சுற்றிய ஒரு பொதி. கொழும்பு பஸ்ஸில் நிற்பவர்கள் தங்கள் பையையோ பிள்ளையையோ இருப்பவர்களின் மடியில் கொடுப்பது வழக்கம்தான். அவளும் குனிந்து அந்த வாக்கியத்தை, ஓர் எழுத்துப் பிசகாமல், சொன்னாள்.

மாமா கையை நீட்டினார்.

"மாமா, வாங்காதேங்கோ! வாங்கினா செத்துப்போவம்!"

என் குரல் சின்ன வயதிலேயே பெரியது. முன் சீட்டில் இருந்த, தமிழ் தெரிந்த ஒருவர் அதைச் சிங்களத்தில் பஸ் முழுவதற்கும் சொல்லி உதவினார். குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த காலம். ஒரு தமிழ்ப் பிள்ளை ஒரு பொதியைப் பார்த்து அப்படிக் கத்தினால் யார் நின்று விசாரிப்பார்கள்? முதலில் குதித்தவர் கொண்டக்டர். டிரைவர் தன் கதவால் இறங்கினார். மாமாவும் ஓடினார், மோகினியின் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, என்னை விட்டுவிட்டு. இதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வெறும் பஸ்ஸில் நானும் மோகினியும் மிஞ்சினோம். நான் செருப்பை எடுத்துக் காட்டினேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினாள். கை சூடாக இருந்தது. கொப்பியில் அதைப்பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

பொலிஸ் வந்தது. என் பையைத் தூரத்தில் வைத்து, ஒரு தடியால் கிளறினார்கள். உள்ளிப்பல், ஆணி, செருப்பு. கொப்பியைத் திறந்த பொலிஸ்காரர், ஒரு கழுத்தின் படத்தையும் அம்புக்குறியையும் பார்த்து முகம் கறுத்தார். "இங்கே அடிக்கவும்" என்று நான் தமிழில் எழுதியிருந்தேன். மாமா தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், தோளில் குழந்தையோடு, உலகத்துப் பேய்கள் எல்லாவற்றையும் விளக்கினார். பொலிஸ்காரர் தாளைப் புரட்டினார். மோகினியின் பக்கம் வந்தது. படத்தைப் பார்த்தார், வெள்ளைச் சேலைக்காரியைப் பார்த்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சனமும் சிரித்தது.

பிறகு மாமாவின் அடையாள அட்டையைக் கேட்டார். பிறந்த ஊரின் பெயரைச் சத்தமாக வாசித்ததும் சிரிப்பு நின்றது. ஜீப்பைக் காட்டினார். ஜீப்பில் ஏறியவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அது எனக்குக்கூடத் தெரியும். எனக்கு அழுகை வந்தது.

மோகினி முன்னால் வந்தாள். பிள்ளையைப் பறிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் மாமாவின் தோளில் கிடந்த பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்தாள். கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துப் பொலிஸ்காரரிடம் காட்டி, மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள். அவர் படத்தை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார். பிறகு அட்டையை மாமாவிடம் திருப்பிக் கொடுத்தார்.

எல்லாரும் மறுபடி பஸ்ஸில் ஏறினோம். கோட்டைவரை பிள்ளை மாமாவின் மடியிலேயே தூங்கியது. அன்று பின்னேரம் கொப்பியில் எழுதினேன்: "மோகினிக்கும் உள்ளி வேலை செய்கிறது." அம்மாவுக்குச் செருப்பு கிடைத்தது, எனக்கு அதாலேயே அடியும் கிடைத்தது.

மாமா போய்ச் சேர்ந்த நாட்டிலிருந்து இப்போதும் ஞாயிறுகளில் கதைப்பார். போன மாதம், சிரித்துக்கொண்டே, அந்தப் படத்தில் யார் இருந்தது என்று கேட்டேன்.

"அவவின்ர மனுசன். சிங்கள ஆமி உடுப்போட" என்றார். "எங்கட ஊருக்குக் கிட்ட நடந்த சண்டையிலதான் செத்தவராம். செத்து ஒரு மாசம்கூட ஆகேல்லை எண்டு அவ பொலிசுக்குச் சொன்னவ." பிறகு குரலைத் தாழ்த்தினார். "என்ர ஊர்ப் பேரை அவன் வாசிக்கேக்க அவவும் பக்கத்திலதான் நிண்டவ. கேட்டவ. அதுக்குப் பிறகும் பிள்ளையை என்னட்ட இருந்து வாங்கேல்லை."

கொப்பி எப்போதோ தொலைந்துவிட்டது. ஆனால் அதில் இருந்தது எனக்கு மனப்பாடம். பிள்ளையை வாங்குகிறவனுக்கு என்ன ஆகும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். கொடுக்கிறவளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.