ஒரு பக்கம் கேட்காத இயர்போன்

அந்த வெள்ளை இயர்போனில் ஒரு பக்கம் கேட்காது. கேட்கிற பக்கத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, கேட்காததைத் தன் காதில் செருகிக்கொள்வார் அக்கா. ஒரகடத்தில் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் எங்கள் லைனுக்கு அவர்தான் லீடர். ஷிஃப்ட் முடிந்து வாலாஜாபாத் திரும்பும் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரத்தை எனக்கு விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருவார். போனில் எப்போதும் ஒரே படம். ஏதோ வெளிநாட்டுக் குறும்படம், பாஷை இருவருக்கும் தெரியாது. கீழே ஓடும் இங்கிலீஷை நான் எழுத்துக்கூட்டிச் சொல்வேன்.

விபத்தில் மனைவியைப் பறிகொடுத்த ஒருவன், அன்றைக்கு அவளை ரயில் ஸ்டேஷனுக்கு வரச்சொன்னது யார் என்று தேடுகிறான். போன் போட்டுக் கூப்பிட்டது தானேதான் என்று கடைசியில் தெரிகிறது. அதே நாளுக்குத் திரும்பிப்போக ஒரு கதவு கிடைக்கிறது. அவன் அதில் கைவைத்ததும் அக்கா படத்தை நிறுத்திவிடுவார். மறுநாள் மறுபடி முதலிலிருந்து. நானோ கதையைப் பாதியில் விட்டால் சோறு இறங்காத ரகம். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சண்டைக்கே போய்விட்டேன்.

"அவ பொழைக்கிறாளா இல்லையா, அத்தயாவது பாக்க வுடுங்கக்கா."

அக்கா போனை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"எங்க வூட்டுக்காரரையும் நான்தான்டி கூப்டேன். பஸ்ஸுல நிக்க எடமில்ல, வண்டி எடுத்துக்கினு வந்துடுன்னேன். வடக்குப்பட்டு வளைவுல கண்டெய்னர் லாரி."

இறந்தவர் முதல் புருஷன், அக்காவின் மகள் பாப்பாவின் அப்பா அவர் இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவர் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். பைத்தியக்காரி மாதிரி, "அந்தக் கதவு உங்களுக்குக் கெடைச்சா போவீங்களாக்கா?" என்று கேட்டுவைத்தேன்.

"அவன் போவான். அவனுக்கு இங்க யார் கீறாங்க? நான் போனா அவரு இருப்பாரு, பாப்பா இருக்காது. போவணும்னு நெனைக்கக்கூட முடியலடி."

அதற்குப் பிறகு முடிவைக் காட்டச் சொல்லி நான் கேட்கவேயில்லை. வளைவு நெருங்கும்போதுதான் அவர் இயர்போனைச் செருகிக்கொண்டு போனுக்குள் குனிகிறார் என்பதும், ஜன்னலோரத்தை ஏன் எனக்கு விடுகிறார் என்பதும் மெல்லப் புரிந்தன.

கல்யாணமாகி இப்போது மறைமலை நகரில் வேலை பார்க்கிறேன். கிளம்பிய அவசரத்தில் அந்த இயர்போன் என் பையோடு வந்துவிட்டது. போன வாரம் அக்காவிடம் போனில் பேசும்போது, வேறு பக்கம் வேலை தேடக்கூடாதா என்று கேட்டேன்.

"வேலை எங்க வேணா கெடைக்கும். வூட்டுக்கு அந்த ரோட்டுலதான வரணும்" என்றார்.

இன்று மாலை பஸ்ஸில் அந்தக் கேட்காத பக்கத்தை என் காதில் செருகிப் பார்த்தேன். இன்ஜின் இரைச்சல், லாரி ஹாரன், பின்சீட்டுப் பெண்களின் பேச்சு, எல்லாமே கேட்டது. அது எதையும் அடைக்கவில்லை. இந்நேரம் அக்காவின் பஸ் வடக்குப்பட்டு வளைவுக்கு வந்திருக்கும். அதைத் தாண்டினால்தான் அவர் பாப்பாவைப் பார்க்க முடியும்.