பட்டம் கட்டும்போது அணைந்த லைட்டு

முகூர்த்த நாள்களில் கமலக்கண்ணனுக்கு இடது தோள் விடியும்போதே வலிக்கத் தொடங்கிவிடும். 1992-இல் முதல் வீடியோ கேமராவைத் தூக்கி வைத்த தோள் அது. அப்போதைய கேமரா பெரிய கேசட் ஒன்றை அப்படியே விழுங்கும். தூக்கினால் கைக்குழந்தை கனம் இருக்கும். பத்து வருஷத்தில் கேமரா உள்ளங்கைக்கு அடங்குகிற மாதிரி சிறுத்துப் போனது. வலி மட்டும் சிறுக்கவில்லை.

தோளைவிட அவரை அலுக்க வைத்தது லைட்டு. ஆயிரம் வாட்ஸ். லைட்டு பிடிக்கிற மாணிக்கவேல் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால் மணப்பெண்ணின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிடும். மூக்கு எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. இருந்தும் எல்லா வீட்டிலும், "சினிமா மாதிரி எடுத்துக் குடுங்க" என்றுதான் கேட்டார்கள். தாமரை விரிந்து அதற்குள்ளிருந்து மாப்பிள்ளை வரவேண்டும், பொண்ணும் மாப்பிள்ளையும் பனிமலைக்கு மேலே மிதக்கவேண்டும். அதுதான் அவர்களுக்குச் சினிமா. கமலக்கண்ணன் அதையெல்லாம் செய்து கொடுத்தார். போளூரிலிருந்து சேத்துப்பட்டு வரைக்கும் எத்தனையோ பேரைப் பனிமலைக்கு அனுப்பியிருப்பார்.

அவர் மனசில் இருந்த சினிமா வேறு. தியேட்டரில் ஒரே படத்தை மூன்று தடவை பார்ப்பார். மூன்றாவது தடவை கதையைக் கவனிக்கமாட்டார். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, முகத்தில் எங்கே நிழலை விட்டிருக்கிறார்கள் என்றே பார்த்துக்கொண்டிருப்பார். சேவூரில் அவருடைய அப்பா தறி நெய்தவர். வாங்க வருகிறவரிடம் புடவையை டியூப்லைட்டுக்கு நேராக விரித்துக் காட்டமாட்டார். வாசற்படிப் பக்கம் கொண்டுபோய்ச் சற்றே சாய்த்துப் பிடிப்பார். அப்போதுதான் நீளவாட்டில் ஓடும் பாவில் ஒரு நிறமும் குறுக்கே ஓடும் ஊடையில் ஒரு நிறமும் இருப்பது கண்ணுக்குத் தெரியும். முகமும் அப்படித்தான் என்பது கமலக்கண்ணனின் கணக்கு.

வெளிச்சத்தை மென்மையாக்க ஒருமுறை மெல்லிய பட்டுத் துணியை லைட்டின் முன்னால் கட்டிப் பார்த்தார். தாலி கட்டுவதற்குள் துணி கருகி, தலைமுடி பொசுங்குகிற நாற்றம் மண்டபம் முழுக்கப் பரவியது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு யார் தலை என்று பார்த்தார்.

இப்படியிருக்க, 2003 ஆவணியில் சேவூர் திருமலையின் சின்ன மகள் சுகன்யாவுக்குக் கல்யாணம் வந்தது. திருமலையும் நெசவாளி. முதல் நாள் மண்டபத்தைப் பார்க்கப் போன கமலக்கண்ணன் மேடைக்குப் பக்கத்தில் பெரிய கிழக்கு ஜன்னல் இருப்பதைப் பார்த்தார். முகூர்த்தம் ஏழரைக்கு மேல்.

"பொண்ணு ஒக்கார்ற பக்கம் வெயில் வந்துட்டா லைட்ட அணைச்சிடறேங்க. ஜன்னல் வெளிச்சமே போதும்" என்றார்.

"புடவைய வாசப்படியில வெச்சிப் பாக்கறாப்பலன்னு சொல்லு. செய்" என்றார் திருமலை. வேறு யாராக இருந்தாலும் ஒரு மணி நேரம் விளக்க வேண்டியிருக்கும்.

மாணிக்கவேலுக்குத்தான் பிடிக்கவில்லை. அவர் கமலக்கண்ணனைவிட நாலு வயது மூத்தவர். "லைட்ட அணைச்சிட்டு நான் என்னா பண்றது? பந்தியில போயி குந்திகினு இருக்கட்டுமா?"

"குந்து. எனக்கும் ஒரு எல போட்டு வை."

அந்தக் கல்யாணத்தில் எல்லோரும் எதிர்பார்த்துக் காத்திருந்தது ஒரே ஓர் ஆளை. பெண்ணின் தாய்மாமன், போளூர் சம்பந்தம். ஏழு வருஷத்துக்கு முன் திருமலையின் மூத்த மகள் கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயரைப் போடாமல் விட்டுவிட்டார்கள். அச்சகத்தில் விட்டுப்போனது என்று திருமலை சொன்னார், சம்பந்தம் நம்பவில்லை. அன்றிலிருந்து தங்கை வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை. இந்தத் தடவை தங்கை கற்பகம் தானே தாம்பூலத் தட்டோடு போளூருக்குப் போய் அழைத்திருந்தாள். பத்திரிகையில் முதல் பெயரே அண்ணன் பெயர். சம்பந்தம் வந்தார். கமலக்கண்ணனுக்கும் இதெல்லாம் தெரியும். லைட்டை அணைக்கச் சொன்ன நேரத்தில் அது நினைப்பில் இல்லை.

முதலில் மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்து மாப்பிள்ளை நெற்றியில் பட்டம் கட்டினார். அப்போது லைட்டு பளீரென்று எரிந்தது. அந்த மனிதர் கேமராவைப் பார்த்துச் சிரித்து, கட்டிய பட்டத்தை இன்னொரு முறை தொட்டுக் காட்டிவிட்டு இறங்கினார். அடுத்து சம்பந்தம் மேடையேறினார். சரியாக அந்தச் சமயம் பார்த்து வெயில் ஜன்னலைத் தாண்டி சுகன்யாவின் கன்னத்தில் விழுந்தது. பதினோரு வருஷமாகக் கமலக்கண்ணன் காத்திருந்த வெளிச்சம். கையை ஆட்டினார். மாணிக்கவேல் லைட்டை அணைத்தார்.

சம்பந்தம் பட்டத்தைக் கையில் பிடித்தபடி நின்றார். லைட்டு எரியவில்லை என்றால் கேமரா ஓடவில்லை என்றுதான் அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அர்த்தம். மாணிக்கவேலைப் பார்த்தார். திருமலையைப் பார்த்தார்.

"ஜல்தி ஆகட்டுங்க, நேரம் போவுது" என்றார் ஐயர்.

சம்பந்தம் கட்டினார். இறங்கினார். தாலி கட்டி முடிந்ததும் பந்தியில் உட்காராமல் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாம் நாள் கற்பகம் கமலக்கண்ணனின் வீடியோ கடைக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அவங்க மாமனுக்கு லைட்டு எரியுது, எங்கண்ணனுக்கு அணைச்சிட்டீங்க. எங்கூட்டுக்காரர் சொல்லித்தான் அணைச்சதா அவரு நெனைச்சிகினு கீறாரு. ஞாயித்துக்கிழமை மறுவீட்டு விருந்து. அன்னிக்கி வரலன்னா அப்புறம் என் சாவுக்குக் கூட வரமாட்டாருங்க."

"நான்தாங்க அணைக்கச் சொன்னேன்."

"அத எங்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது?"

கமலக்கண்ணன் அந்தக் காட்சியைப் போட்டுப் பார்த்தார். அவர் எடுத்ததிலேயே அதுதான் நல்ல காட்சி. அதுவே இந்த வம்புக்கும் காரணம் என்பது அவரை உறுத்தியது. அதை மட்டும் சிடியில் ஏற்றிக்கொண்டு போளூர் பஸ் ஏறினார். கேமராப் பையைத் தூக்காமலே தோள் வலித்தது.

சம்பந்தம் கதவு வரைக்கும் வந்தார். "எந்த மூஞ்ச வெச்சிகினு வந்தே? போ."

அவர் மனைவி அபிதகுசாம்பாள் பின்னாலிருந்து, "வெயில்ல வந்தவர நிக்க வெச்சிப் பேசாதீங்க. படத்தப் பாத்துட்டுத் திட்டுங்க" என்று சிடியை வாங்கிக்கொண்டாள்.

திரையில் லைட்டு அணைந்தது. ஒரு நொடி இருட்டியது. பிறகு கமலக்கண்ணன் லென்ஸுக்குள் வெளிச்சத்தை விடும் ஐரிஸைத் திறந்ததும் ஜன்னல் வெளிச்சம் மெல்ல ஏறியது. சுகன்யாவின் கன்னத்தில் ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் நிழல். மயில்கழுத்து நிறப் புடவை மடிப்புக்கு மடிப்பு பச்சையும் நீலமுமாக மாறியது. அவளுக்கு மேலே சம்பந்தத்தின் இரண்டு கைகள். அவர் பார்வை வெளியே எங்கோ லைட்டைத் தேடிக்கொண்டிருந்தது. அவர் பார்க்காத அந்த நேரத்தில் சுகன்யா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. உதடு அசைந்தது.

சம்பந்தம் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "இன்னொருவாட்டி போடு."

மூன்று தடவை போட்டார்கள்.

"கட்டுங்க மாமான்னா சொல்லுது?"

"அப்படித்தாங்க தெரியுது."

"எனக்குக் கேக்கல."

"நீங்க லைட்டப் பாத்துகினு இருந்தா எப்படிக் கேக்கும்?" என்றாள் அபிதகுசாம்பாள்.

சம்பந்தம் திரையிலிருந்து கமலக்கண்ணன் பக்கம் திரும்பினார். பிறகு, "திருமலை சொல்லலியா?" என்றார்.

"சத்தியமா இல்லீங்க. ஜன்னல் வெளிச்சம் நல்லா வந்துது, அதான். உங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். தப்பு என்னுது."

"என்னா நல்லா வந்துது? என் மூஞ்சி பாதி இருட்டா கீது. அந்தாளு மூஞ்சி பளிச்சுனு இருக்கும். நாலு பேரு பாத்தா என்னா நெனைப்பான்?" அவர் குரலில் கோபம் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. "இதுல லைட்டு போட்டுக் குடுக்க முடியுமா?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். கமலக்கண்ணன் திரையைப் பார்த்தார். நிழல் விழுந்த அந்தப் பாதி முகத்தில்தான் எல்லாம் இருந்தது.

"கம்ப்யூட்டர்ல ஏத்தலாங்க" என்றார்.

"ஏத்து. ஞாயித்துக்கிழமை அங்க வந்து பாக்கறேன்."

சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஏற்றினார். வெளிச்சத்தைக் கூட்டக் கூட்ட நிழல் சாம்பலாக வெளுத்தது. புடவை வெறும் நீலமானது. சம்பந்தத்தின் முகம் முழுசாகத் தெரிந்தது, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி. சுகன்யாவின் உதடு அசைவது மட்டும் தெரிகிறதா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தம் வந்தார். தங்கை வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இப்பத்தான் வீடியோ மாதிரி கீது" என்றார். திருமலை மட்டும் புடவையைப் பார்த்து முகம் சுளித்தார். நிறம் போய்விட்டதே என்று வாயெடுத்தவர், மச்சான் இலைமுன் உட்காருவதைப் பார்த்துச் சொல்லாமல் விட்டுவிட்டார். கற்பகம் அண்ணனுக்குப் பக்கத்திலேயே நின்று பரிமாறினாள். சம்பந்தம் இரண்டாவது முறையும் பாயசம் கேட்டார்.

அடுத்த முகூர்த்தம் சேத்துப்பட்டில். அங்கேயும் மேடைக்குப் பக்கத்தில் நல்ல ஜன்னல் ஒன்று இருந்தது. மாணிக்கவேல் அதைப் பார்த்தார், கமலக்கண்ணனைப் பார்த்தார்.

"என்னா, சினிமாவா, வீடியோவா?"

கமலக்கண்ணன் தோளைத் தேய்த்துக்கொண்டார். "ஜன்னல் கதவச் சாத்திட்டு லைட்டப் போடு. அதுக்கு முன்னாடி, தாய்மாமனுங்க யார் யாருன்னு கேட்டுகினு வா."