பூப்போட்ட கண்ணாடி

நேற்று நான் போன வாழைச்சேனை பஸ்ஸின் முன்கண்ணாடியில் கல் தெறித்தது. கண்ணாடி முழுதும் கீறல் ஓடியும் ஒரு துண்டுகூட உதிரவில்லை. எனக்கோ மரவள்ளிப் பசையின் புளித்த மணம் வந்தது.

யுத்த காலத்தில் எங்களோடு இருந்த மாமி, அப்பாவின் தங்கை, பள்ளியில் இரசாயனம் படிப்பித்தவர். வாவிக்கு அப்பால் ஷெல் விழத் தொடங்கியதும் மரவள்ளி மாவைக் காய்ச்சி, தன் பூப்போட்ட பழைய சேலைகளை யன்னல் கண்ணாடிகளில் சட்டத்தோடு சேர்த்து ஒட்டினார். முற்றத்து ஆடு உள்ளே வந்து ஒரு யன்னலை நக்கியே உரித்துவிட்டது. அடுத்த பசையை வேப்பிலை அவித்த தண்ணீரில் காய்ச்சினார். ஆடு முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. வெயில் ஏறினால் நிலமெல்லாம் சேலைப் பூக்களின் நிழல் விழும்.

"கண்ணாடிக்குச் சேலை கட்டிட்டாய், பொட்டும் வைச்சு விடு," என்று சிரித்தார் அப்பா.

"உடைஞ்சா உங்கட மண்டையிலதான் விழும் அண்ணன்," என்றார் மாமி.

ஒரு மத்தியானம், ஆளில்லாத பக்கத்து வீட்டு வளவில் ஷெல் விழுந்தது. யன்னலடியில் தூங்கிய தம்பிக்கு ஒரு கீறலும் இல்லை. நொறுங்கிய கண்ணாடி அவன் தலைக்கு மேல் சேலையில் ஒட்டியபடி தொங்கியது. அன்று பின்னேரமே அப்பா, அம்மாவின் புதுச்சேலையோடு வந்து நின்றார்.

"தங்கச்சி, சாமியறை யன்னலுக்கு இதை ஒட்டு."

நேற்று பஸ் சாரதி பெருமையாக என் பக்கம் திரும்பினார். "வெளிநாட்டுக் கண்ணாடி அக்கா, உடைஞ்சாலும் உதிராது."

தலையாட்டினேன். எங்கள் வீட்டுக் கண்ணாடியில் பூவும் இருந்தது.